இரண்டு முறை வந்த அண்ணி

வீட்டில் அவளுக்கு நீதிபதி என்று பெயர். கணவர் வைத்தது. கறுப்பு அங்கிக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவள் தொழில். பகல் முழுக்க அடுத்தவர்களின் தீர்ப்பைக் கேட்டு அலுத்துப்போவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும் புத்தகங்களுக்குத் தீர்ப்பு வழங்க ஆரம்பித்துவிடுவாள்.

தீர்ப்பு உடனுக்குடன் வரும். மேல்முறையீடு கிடையாது. முதல் அத்தியாயம் முடிவதற்குள் கதாநாயகனுக்குத் தண்டனை உறுதியாகியிருக்கும். "புத்தகம் பாவம், வாதாடக்கூட வாய்ப்புக் கிடைக்கலியே" என்பார் கணவர். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்க எண்ணைப் பார்ப்பார். அதை நாட்களால் வகுப்பார். காலைச் சாப்பாட்டோடு அன்றைய பங்கை முடித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். கொலைகாரன் கத்தியை ஓங்கியிருந்தாலும் சரி, மிச்சம் நாளைக்குத்தான்.

நீதிபதிக்கு அந்தப் பழக்கத்தைக் கண்டாலே எரிச்சல். "பக்க நம்பரைப் பார்த்துப் படிக்கிறவங்க, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே கொஞ்சறவங்க மாதிரி" என்று ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு அந்த வாக்கியம் தனக்கே மிகவும் பிடித்துப்போய், அன்றிலிருந்து பக்க எண்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வாய் அழகாகச் சொல்லிவிட்டது என்பதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் ரகம் அவள்.

நூலகத்தின் மாடியறையில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். போன மாதம் அங்கே அவளுக்கு ஒரு சறுக்கல் நடந்தது. எடுத்துக்கொண்ட புத்தகம் எங்கோ தூர தேசத்திலிருந்து மொழிபெயர்த்து வந்த ஒல்லியான நாவல். ஒருவன் ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த அத்தியாயத்தில் அவன் கிழவன். நடுவில் மனைவி எங்கே போனாள், பிள்ளை பிறந்ததா இல்லையா, அந்த நாற்காலியையாவது யார் எடுத்து உள்ளே வைத்தார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. நீதிபதி எழுந்து நின்றாள்.

"என் புத்தகத்துல நடுவுல பக்கம் விட்டுப்போச்சு. நூலகர் சார் வேற பிரதிதான் வாங்கணும்."

கல்லூரியில் இலக்கியம் நடத்தும் பேராசிரியை, குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடும் பரிவோடு சிரித்தாள். "அது விட்டுப்போகலைம்மா. அது உத்தி. எழுதாம விட்டதைத்தான் நாம படிக்கணும்."

மாடியறையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் பென்ஷன்காரர். ஒரு காலத்தில் வங்கி மேலாளராக இருந்தவர். இப்போது வட்டத்துக்கு வருவதே பிஸ்கட்டுக்காகத்தான் என்பது நீதிபதியின் பழைய தீர்ப்பு. எழுதினதையே படிக்காத மனுஷன், எழுதாததைப் பற்றி என்ன சிரிப்பு?

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் ஒரு சபதம் எடுத்தாள். இனிமேல் எந்தப் புத்தகத்திலும் ஓட்டை தெரிந்தால், அது ஓட்டை இல்லை, ஜன்னல். அதன் வழியாக எட்டிப் பார்த்து, "ஆகா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் குட்டி புத்தகம் எழுதிக் கொண்டுவந்தாள்.

குட்டி என்பது கணவரின் தங்கை. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது, ஆனாலும் வீட்டில் குட்டிதான். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். கால்நடை மருத்துவமனை ஒன்றின் முன்மேஜையில் டோக்கன் கொடுக்கும் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், கொஞ்ச காலம் இங்கே இருந்துவிட்டு, வேலை கிடைத்ததும் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஆனாலும் சாயங்காலமானால் வந்துவிடுவாள். அண்ணியும் நாத்தனாரும் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று டீ குடித்தபடி, அன்றைக்குக் கண் சோதிக்க வந்தவர்களையும் காது சோதிக்க வந்த நாய்களையும் ஒரே தராசில் நிறுத்துச் சிரிப்பார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நீதிபதி பகலை ஓட்டினாள் என்று சொல்லலாம். அவளிடம் கேட்டால் சொல்ல மாட்டாள்.

அந்தக் குட்டி ஒரு நாவல் எழுதுகிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. அச்சாகி வந்த பிறகுதான் அண்ணனுக்கு ஒரு பிரதி, அண்ணிக்கு ஒரு பிரதி என்று இரண்டை மேடைமேல் வைத்தாள்.

"ஆளுக்கொண்ணு எதுக்கு? ஒண்ணு போதாதா?"

"அண்ணன் தினம் பத்துப் பக்கம் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க வெடிச்சிடுவீங்க." குட்டி சிரித்தாள். பிறகு டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "யாரு என்ன சொன்னாலும் எனக்குப் பரவால்ல அண்ணி. நீங்க சொல்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். நடுவுல ஒரு இடம் இருக்கு. உங்களுக்காகவே எழுதினது. அதை வாயால சொல்ல எனக்கு வரல, அதான் கதையில வெச்சேன். படிச்சிட்டு சொல்லுங்க. அது சரியா வரலைன்னா நான் இன்னொண்ணு எழுத மாட்டேன்."

"சும்மா இரு, பெரிய வார்த்தையெல்லாம் பேசாதே" என்றாள் நீதிபதி. ஆனால் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தனக்காகவே எழுதப்பட்ட இடம்!

வீட்டில் ஒருவர் நாவல் எழுதினால் மற்றவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாண வீடியோவில் தன் முகம் எப்போது வரும் என்று பார்ப்பதுபோலத்தான் படிப்பார்கள். நீதிபதி அதில் விலக்கில்லை. கதாநாயகியின் பள்ளிக்கூடம், முதல் காதல், கல்யாணம், கண்ணீர் எல்லாவற்றையும் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அண்ணி எங்கே? அண்ணி இன்னும் வரவில்லையா? சின்ன வயதில் கதாநாயகிக்கு டைபாய்டு வந்து பிழைப்பாளா மாட்டாளா என்ற இடத்தில்கூட, 'பிழைச்சிடுவா, அண்ணியைப் பார்க்க வேண்டாமா' என்று தாண்டிவிட்டாள்.

ஒருவழியாக அண்ணி வந்தாள். கதாநாயகி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். கதவு திறக்கிறது. அண்ணி அவளை மேலும் கீழும் பார்க்கிறாள். சொல்கிற முதல் வார்த்தை: 'செருப்பை வெளியே விடு.' இரண்டாவது: 'எத்தனை நாள்?' பிறகு அலமாரியைத் திறந்து துண்டுகளை எண்ணிப் பார்க்கிறாள்.

நீதிபதியின் காது சூடானது. "ஏங்க, இங்க பாருங்க! செருப்பை வெளிய விடுன்னு சொன்னேனாம். தரை துடைச்சு ஈரமா இருந்துச்சு! வழுக்கி விழுந்திருந்தா அதுக்கும் நான்தான் காரணம்னு எழுதியிருப்பா. ஈரத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல பாருங்க!"

"நான் இன்னும் அங்க வரல" என்றார் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "கதையைச் சொல்லாதே."

பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தாள். அண்ணி முறைக்கிறாள், அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைக்கிறாள், அண்ணி ஜன்னலைச் சாத்துகிறாள். ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. பக்கத்தைத் திருப்பினால், கதாநாயகி மறுபடியும் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். மறுபடியும் கதவு. மறுபடியும் செருப்பு. மறுபடியும் துண்டு.

ஒரு தடவை திட்டினது போதவில்லையா? அச்சில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றியது. பக்க எண்ணைப் பார்க்கக் கண் கீழே இறங்கியது. அப்போது அந்தப் பேராசிரியை, மூக்கைத் துடைத்துவிடும் அதே சிரிப்போடு, எண்ணின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நீதிபதி கண்ணை மேலே இழுத்துக்கொண்டாள். இல்லை. இது உத்தி. இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு சொல்லாவது மாறியிருக்கிறதா என்று கடைக்கே உரிய கவனத்தோடு தேடினாள். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அப்படியானால் சாதாரண உத்தி இல்லை, உயர்ந்த உத்தி.

அது முடிந்ததும் அதே இடத்தில் அதே வாக்கியம் அறுந்தது. அடுத்த பக்கத்தில், வேறொரு வாக்கியத்தின் வால்பகுதியிலிருந்து, இரண்டு மாதம் கழித்து அண்ணியும் நாத்தனாரும் சமையலறையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படிச் சிரிப்பு வந்தது? சொல்லவில்லை. அந்த ஆற்றங்கரை நாவல்காரர்கூட இவ்வளவு துணியவில்லையே என்று நீதிபதி வியந்தாள். வியப்புக்கு அடியில் ஒரு முள் இருந்தது. உங்களுக்காகவே எழுதினது என்றாளே, இதைத்தானா? இரண்டு தடவை செருப்பு, பிறகு ஒரு பெரிய மௌனம்?

சரி. நான் பெருந்தன்மைக்காரி. வட்டத்தில் எழுந்து நின்று பாராட்டுகிறேன். அவளே வெட்கப்படட்டும்.

அந்த மாதம் புதிதாக வந்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவது யார் என்று நூலகர் கேட்டபோது, கையைத் தூக்கியது அவள்தான். மாடியறை நிறைந்திருந்தது. குட்டி மருத்துவமனையில் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட நீலப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி புத்தகம் எதையும் கையில் எடுத்துவரவில்லை. எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது என்று காட்ட வேண்டுமே.

"முதல்ல, காலையில சீக்கிரம் எழுந்திருக்கிறதைப் பத்தி ஒரு புத்தகம். விடியறதுக்கு முன்னாடி எழுந்தா தலையெழுத்தே மாறிடும்னு எழுதியிருக்காரு. நான் படுத்துக்கிட்டே படிச்சேன். மூணாவது அத்தியாயத்துல தூங்கிட்டேன். புத்தகம் மூக்கு மேல விழுந்து கண்ணாடி வளைஞ்சுபோச்சு. மறுநாள் கடைக்குப் போய் நானே என்னை உட்கார வெச்சு, 'எப்படிம்மா வளைஞ்சுது'ன்னு நானே கேட்டுக்கிட்டேன். ஒரு விஷயம் சொல்லணும், அதைச் சரி பண்ணணுமேன்னு அன்னிக்கு நான் சீக்கிரம் எழுந்துட்டேன். அந்த வகையில புத்தகம் ஜெயிச்சுடுச்சு."

சிரிப்பு எழுந்தது. நீதிபதிக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"அடுத்தது கொலைக் கதை. ஆரம்பத்துலயே சமையல்காரன்தான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன். அப்புறம் டாக்டரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அண்ணன்காரனை. ஒரு கட்டத்துல நாயைக்கூட விடல. செத்தவரைத் தவிர எல்லாரும் குற்றவாளின்னு தீர்ப்பு எழுதிட்டேன். கடைசியில பார்த்தா செத்தவர்தான் பண்ணியிருக்காரு, அவரு சாகவே இல்ல."

"அய்யய்யோ, நான் இன்னும் முடிக்கலையேம்மா!" என்று பென்ஷன்காரர் அலறினார்.

"படிக்கிறீங்களா என்ன?" என்றாள் நீதிபதி. அதற்கும் சிரிப்பு.

"மூணாவது கவிதை. ஒரு பக்கத்துக்கு நாலு வரி. கண்ணுல சொட்டு மருந்து விட்டு உட்கார வெச்ச ஆளு எழுந்திருக்கிறதுக்குள்ள மொத்தத்தையும் முடிச்சுட்டேன். காகிதத்தை இப்படி வீணாக்கறாங்களேன்னு திட்டவும் திட்டினேன். ஆனா அதுல ஒரு கவிதை. வீட்டுல எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி, அதை யாருமே தூக்கிப் போட மாட்டேங்கறாங்க, அவ்வளவுதான் விஷயம். அன்னிக்கு சாயங்காலம் சும்மா எங்க வீட்டு மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன். அப்படிப்பட்ட சாவி ஒரு கொத்தே கிடக்கு. ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட முடியல. அந்தக் கவிஞரை நான் இன்னும் மன்னிக்கல."

பிறகு ஆற்றங்கரை நாவலுக்குப் பகிரங்க மன்னிப்புக் கேட்டாள். பக்கம் விட்டுப்போகவில்லை, தன் பார்வைதான் விட்டுப்போயிருந்தது என்றாள். பேராசிரியை தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். அதோடு நிறுத்தி உட்கார்ந்திருந்தால் அன்றைய பொழுது நல்ல பொழுதாக முடிந்திருக்கும்.

"கடைசியா, எங்க வீட்டுப் பொண்ணு எழுதின நாவல்." குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுல ஒரு அண்ணி வர்றா. நாத்தனார் பெட்டியோட நிக்கும்போது செருப்பை வெளிய விடுங்கறா. ஆசிரியை அதை ஒரு தடவை சொல்லி விடல. திரும்ப முதல்லேர்ந்து, வரி மாறாம சொல்றாங்க. சில கோபம் ஒரு தடவை சொன்னா தீராது பாருங்க! அப்புறம் அதைவிடப் பெரிய துணிச்சல். அந்த அண்ணி நல்லது ஏதாவது செஞ்சாளா? ஒரு வரி கிடையாது. பாதி வாக்கியத்துல வெட்டி, ரெண்டு மாசம் தாண்டிட்டாங்க. செஞ்சதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லைங்கறதை, சொல்லாமயே சொல்லிட்டாங்க. அதுதான் உத்தி."

"ஆமாம், ஆமாம்" என்று பேராசிரியை கண்ணை மூடித் தலையசைத்தாள்.

பென்ஷன்காரர் தயங்கிக் கையைத் தூக்கினார். "அம்மா, நடுவுல அந்த அண்ணி ஒண்ணு செய்வாங்களே…"

"சார், கூர்ந்து படிச்சா தெரியும். அவ ஒண்ணும் செய்யல."

அவர் குட்டியைப் பார்த்தார். குட்டி தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டும்போது எல்லோரோடும் சேர்ந்து தட்டினாள். டீ வரும்போது அவள் நாற்காலி காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் குட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் பண்ணினால், "வேலை ஜாஸ்தி அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் நீதிபதிக்குத் தாங்கவில்லை. அவர்களுக்குள் மரியாதை எப்போது இருந்தது?

"ஊரைக் கூட்டி வெச்சு பாராட்டினேன், அதுக்கே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. எழுத்தாளர்னா இப்படித்தான் போல" என்று கணவரிடம் பொரிந்தாள். ஆனால் சாயங்காலமானால் பழக்கதோஷத்தில் கை இரண்டு டம்ளர் எடுத்தது. ஒன்றைத் திருப்பி வைக்கும் சத்தம் அந்தச் சமையலறையில் பெரிதாகக் கேட்டது. அவள் மேடையில் சாய்ந்து நிற்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள். டீ அப்படியே இருந்தது. ருசிதான் எங்கோ போய்விட்டது.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலைச் சாப்பாட்டில் கணவர் தன் பங்கைப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று புத்தகத்தை மேஜைமேல் தட்டினார்.

"அப்போ அது பொய்யா?"

"எது?"

"நான் ஒரு வாரம் சொட்டு மருந்து போட்டுக்கிட்டேனே! ஹால்ல படுத்தேனே! எனக்கே கண்ணு எரியற மாதிரியெல்லாம் இருந்துச்சே!"

"என்னங்க உளறறீங்க?"

"கண்ணு வலி வந்திருக்குன்னு சொன்னியேம்மா! குட்டி வந்த புதுசுல! ஒட்டிக்கும், யாரும் கிட்ட வராதீங்கன்னு என்னையும் சேர்த்துத் துரத்தினியே. அத்தனையும் பொய்னு இங்க எழுதியிருக்கா. கட்டின புருஷன்கிட்டயே பொய்யா?"

நீதிபதி முழித்தாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு வாரம் மெல்ல எழுந்து வந்தது. குட்டி வந்ததும் சொந்தக்காரர்கள் படையெடுக்கத் தயாரானார்கள். ஏன் வந்தாய், யார் மேல் தப்பு, சேர்ந்து வாழக்கூடாதா என்று கேட்க ஆளாளுக்குக் கேள்வியோடு புறப்பட்டார்கள். குட்டி அழுது அழுது கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. நீதிபதி ஒன்றும் யோசிக்கவில்லை. கடையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டிவிட்டு, 'கண்ணு வலி வந்திருக்கு, பயங்கரமா ஒட்டிக்கும்' என்று எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். கண் சோதிக்கிறவளே சொன்னால் யார் மறுப்பார்கள்? ஒருவர்கூட வாசல் மிதிக்கவில்லை. சந்தேகம் வரக்கூடாதே என்று தனக்கும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். பிறகு அதை அடியோடு மறந்தும்போனாள்.

"அது கதையில இல்லையே" என்றாள். "நான் வரி விடாம, ரெண்டு தடவை படிச்சேனே?"

கணவர் அவளுடைய பிரதியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில், விடைத்தாளில் அபூர்வமான தப்பு ஒன்றைக் கண்டுபிடித்த வாத்தியாரின் சந்தோஷம் பரவியது.

"நூத்தி நாற்பத்தி நாலுக்கு அப்புறம் என்ன வரும்?"

"விளையாடாதீங்க."

"சொல்லு."

"நூத்தி நாற்பத்தஞ்சு."

"உன் புத்தகத்துல நூத்தி இருபத்தொன்பது வருது. மறுபடியும் நூத்தி நாற்பத்தி நாலு வரைக்கும் ஓடி, அங்கேர்ந்து நூத்தி அறுபத்தொண்ணுக்குத் தாவுது. பைண்ட் பண்ணும்போது பதினாறு பக்கக் கட்டு ஒண்ணை ரெண்டு தடவை வெச்சுட்டு, அடுத்த கட்டை விட்டுட்டாங்க. நம்பரைப் பார்த்திருந்தா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கண்டுபிடிச்சிருக்கும். நீ என்னடான்னா, உத்திங்கறே!"

நீதிபதி அவர் கையிலிருந்த பிரதியைப் பிடுங்கினாள். கடைக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே படித்தாள்.

'அன்று தரை ஈரமாக இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. துண்டுகளை எண்ணியது, எனக்குப் புதிது ஒன்று எடுத்துக் கொடுக்க. எத்தனை நாள் என்று கேட்டது, நான் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது என்று. அண்ணிக்கு வாக்கியங்களை முழுசாக முடிக்கும் வழக்கம் கிடையாது. மறுநாள் கறுப்புக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டி, நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, இனிமே எவ்வளவு வேணும்னாலும் அழு, யாருக்கும் தெரியாது என்றாள். தானும் ஒன்று மாட்டிக்கொண்டாள். பட்டப்பகலில், ஜன்னல் சாத்திய சமையலறையில், இரண்டு பெண்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டீ குடித்தோம். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பு டப்பாவைத் திறந்தேன். அவளும் பார்க்காமல் போட்டுக் கலக்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் குடித்தோம். அன்றுதான் நான் மறுபடி சிரித்தேன்.'

அதற்குமேல் எழுத்துகள் கலங்கின. இதைத்தான் அவள் வாயால் சொல்ல வரவில்லை என்றாள். இதைப் பற்றித்தான் நீதிபதி ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று, 'அவ ஒண்ணும் செய்யல' என்று சொன்னது. அந்தப் பென்ஷன்காரர் படித்திருந்தார்! பிஸ்கட்டுக்கு வருகிறவர் என்ற தீர்ப்பும் தள்ளுபடி.

கடைக்கு போன் பண்ணி, கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, இரண்டு பிரதிகளையும் கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். "என் பிரதி! இன்னிக்குப் பங்கு இன்னும் நாலு பக்கம் பாக்கி!" என்று கணவர் வாசல் வரை ஓடிவந்தார்.

மருத்துவமனைக் கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்களும் மடி நிறைய பிராணிகளும் இருந்தார்கள். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய நாய் ஒன்று எல்லோர் முழங்காலிலும் இடித்துக்கொண்டிருந்தது. முன்மேஜையில் குட்டி. அண்ணியைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே கடமை முகமாக மாறியது.

"டோக்கன் எடுத்தாச்சா?"

"குட்டி…"

"வரிசையில வாங்க. பேஷன்ட் எங்க?"

"நான்தான்."

"இங்க மனுஷங்களுக்குப் பார்க்க மாட்டோம்."

"என்னை அந்தக் கணக்குல சேர்க்க வேணாம்" என்றாள் நீதிபதி. கூடையில் பூனையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நீதிபதி இரண்டு பிரதிகளையும் மேஜைமேல் விரித்து, கணக்கு வாத்தியார் காட்டியபடியே பக்கங்களைக் காட்டினாள். வாய் குழறியது. "இதுக்கப்புறம் இது வருது. இது வரவே இல்ல. நான் படிக்கல. காலையிலதான் படிச்சேன். உங்க அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு. அவருக்கு இப்ப என்மேல வேற கோபம்."

குட்டி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். கூம்பு நாய் மேஜைக் காலில் ஒருமுறை இடித்தது.

"அப்போ ரெண்டு தடவை எழுதியிருக்கேன்னு நீங்க சொன்னது…"

"நிஜமாவே ரெண்டு தடவை இருந்துச்சுடி!"

"சொன்னதையே சொல்லி அறுக்கறேன்னு குத்திக் காட்றீங்கன்னு நெனச்சேன். அதுகூடப் பரவால்ல. ஒண்ணும் செய்யலன்னு சொன்னீங்களே, அதான். உங்க விஷயத்தை வெளிய சொன்னது பிடிக்காம, அது நடக்கவே இல்லன்னு ஆக்கிட்டீங்கன்னு நெனச்சேன்." குட்டி புத்தகத்தை மூடினாள். "நான் நன்றி சொன்னேன், நீங்க வாங்கிக்கலன்னு."

"என் கைக்கே வரலியே, எப்படி வாங்கறது?"

குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பக்கம் பாதியில அறுந்திருக்கு, வந்ததே திரும்ப வருது, உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா அண்ணி?"

"வந்துச்சு. அந்தப் பேராசிரியை சிரிச்சாளேன்னு அடக்கிக்கிட்டேன்."

"அவங்க நேத்து போன் பண்ணினாங்க. என்னோட இரட்டிப்பு உத்தியைப் பத்திக் கட்டுரை எழுதப் போறாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியல, சரிங்கன்னு வெச்சுட்டேன்."

"ஐயோ!" நீதிபதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடுத்த கூட்டத்துல நீங்கதான் எழுந்து நின்னு சொல்லணும். இந்தத் தடவை நிஜமாவே பக்கம் விட்டுப்போச்சுன்னு."

"யாரு நம்புவா? போன தடவை மாதிரியே சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். புத்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க." குட்டி முன்னால் சாய்ந்தாள். "சரி, அது கிடக்கட்டும். காலையில படிச்சீங்கல்ல? தீர்ப்பு சொல்லுங்க. இன்னொண்ணு எழுதலாமா, வேணாமா?"

நீதிபதி வாயைத் திறந்தாள். நடை, உத்தி, பாத்திரப் படைப்பு என்று வழக்கமாக வரிசையில் நிற்கும் வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. வாயில் உப்பு டீயின் ருசிதான் வந்தது.

"நான் எப்படிச் சொல்றது? இந்தக் கேஸ்ல நானே ஒரு பார்ட்டி." அதற்குள் கண் நிரம்பி வழிந்துவிட்டது. புறங்கையால் துடைத்தாள், மறுபடி வழிந்தது. "எழுதுடி. எழுதாம இருந்துடாதே. ஆனா அச்சுக்காரன்கிட்ட சொல்லு…" வாக்கியம் பாதியில் நின்றது. அண்ணிக்கு வாக்கியங்களை முழுசாக முடிக்கும் வழக்கம் கிடையாது.

பெஞ்சில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டி எழுந்து, மேஜையைச் சுற்றி வந்தாள். அண்ணியின் கைப்பையில் கடைச் சாமான் எப்போதும் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையை விட்டுத் துழாவி, ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து, அண்ணியின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"பாவம், அவங்களுக்கு என்னம்மா?" என்று பூனைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு வலி வந்திருக்கு" என்றாள் குட்டி, கொஞ்சமும் சிரிக்காமல். "கிட்ட வராதீங்க, பயங்கரமா ஒட்டிக்கும்."

அம்மாள் பூனைக் கூடையை வாரி எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தாள்.

"வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றாள் குட்டி, உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு குனிந்து மெதுவாக: "சாயங்காலம் நானே வந்து பார்க்கறேன். டீ போட்டு வைங்க. டப்பாவைப் பார்த்துப் போடுங்க."